அக்காவின் பங்கு

மறுபடியும் அதே எண்தான் வந்தது.

சோதனைக்குழாயைக் கழுவி, மண்ணைப் புதிதாகக் கரைத்து, மூன்றாவது தடவையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஈயம், இருக்கலாம் என்கிற அளவைப்போலப் பதினோரு மடங்கு.

கருவியின் மேல் பழி போட வழியில்லை. மற்ற மாதிரிகளெல்லாம் சமர்த்தாக இருந்தன.

பரிசோதனைக்கூடத்துக்கு வருகிற மண்ணுக்கு எண் மட்டும்தான் உண்டு. யார் வீடு, எந்தத் தோட்டம் என்று தெரியாது. இந்தப் பை மட்டும் அவளுக்குத் தெரியும். அப்பாவே அள்ளி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தது.

"நம்ம மண்ணுக்கும் ஒரு மார்க் வாங்கிட்டு வா. சட்டம் போட்டு மாட்டிடுவோம்."

அப்பா பேட்டரி பழுது பார்த்தவர். கொல்லையில்தான் பழைய பேட்டரிகளை உடைப்பார். ஈயத் தகடுகளை அங்கேயே கழுவுவார். எப்போதும் ஈரமாகக் கிடக்கிற இடத்தை வீணாக்குவானேன் என்று அதே இடத்தில் கீரைப் பாத்தி கட்டினார்.

கீரையென்றால் அப்படி ஒரு கீரை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நனைந்த இலையின் வாசனை வாசலுக்கே வந்து கூப்பிடும். உள்ளே அம்மா பூண்டு தட்டுகிற சத்தம் கேட்கும். தட்டு காலியாகாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. தின்றால் மூளை வளரும் என்பாள்.

தம்பிக்கு வளரவில்லை.

ஏழாம் வாய்ப்பாட்டில் நின்ற வண்டி, அப்புறம் நகரவேயில்லை. வீட்டில் அவனுக்கு 'டியூப்லைட்' என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவனும் சேர்ந்து சிரிப்பான், கொஞ்சம் தாமதமாக.

அவனுடைய கணக்கு நோட்டையெல்லாம் இவள்தான் எழுதிக் கொடுப்பாள். பாசக்கார அக்கா என்று தெருவே சொல்லும்.

இப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. கடைக்குப் போனால் இன்னும் சீட்டு எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் தேடிப் போகும். அதைப் படித்து, பரீட்சையில் எழுதி, முழு மார்க்கும் வாங்கியவள் அவள்.

தம்பி கதை தெரிந்த பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டு மண்ணா? ஒரே சட்டியில தின்னுட்டு நீ மட்டும் எப்படித் தப்பிச்சே? அதிர்ஷ்டக்காரிதான் போ."

பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. தம்பி.

"அக்கா, கீரை அறுத்தாச்சு. நீ வரலேன்னா எப்பவும்போல ஒன் பங்கையும் நானே தின்னுடவா? நோட்டெல்லாம் எழுதித் தர வேணாம்."

அந்த நாளில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தட்டு மாறும். அவளுடைய கீரை அந்தப் பக்கம் போகும், கணக்கு நோட்டு இந்தப் பக்கம் வரும். அம்மா திரும்புவதற்குள் இரண்டு தட்டும் காலி. எட்டு வருடம், ஒருநாள்கூட அவன் காட்டிக் கொடுத்ததில்லை.

"வேணாம்டா. பாத்திகிட்டயே போகாதே. நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

மறுமுனையில் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். அந்த நாளைய சிரிப்பு, அம்மாவுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு.

"கீரை திங்கவா வர்றே? நீயா?"