கழற்றிய பெயரட்டை

சுவிஸின் பாசல் நகரில், ரைன் நதியைப் பார்த்த மண்டபத்தில், பழைய மாணவர்களின் வைன் கிளாஸ்களுக்குள் மாலை வெயில் மஞ்சளாய் ஆடுகிறது. இந்த ஊரில் கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்லித்தான் கிளாஸை மோதவேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டீகர் பல்லெல்லாம் தெரிய வருவதைக் கண்டதும், எஃபுவா போதெங் கழுத்தில் தொங்கிய பெயரட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுகிறாள். பக்கத்தில் நிற்கும் சஜீதாவுக்கு நெஞ்சு குளிர்கிறது. இருவரும் ஒரே ஆய்வுமேசையில் விரல் வெந்து கண்டுபிடித்த மருந்தைத் தன் பெயரில் வெளியிட்டவர் இவர். அவர்களைக் கடைசிவரை ‘கானாக்காரி’, ‘தமிழ்ப்பெட்டை’ என்றே கூப்பிட்டவர். அந்தக் கானாக்காரி இன்று தன் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர். “பேராசிரியர் ஸ்டீகர்!” என்று கிளாஸை உயர்த்தியவள், வைத்த கண் வாங்காமல் காத்திருக்கிறாள். அவர் கிளாஸும் உயர்கிறது. வாய் திறக்கிறது, பெயர் வரவில்லை. சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் பார்வை எஃபுவாவின் வெறுங்கழுத்தில் தேடிவிட்டு, சஜீதாவிடம் வந்து கெஞ்சுகிறது.

“பாவம் மனுசன். நீரெண்டாலும் சொல்லிக் குடுமன்,” என்று காதுக்குள் சொல்கிறார் கணவர் நித்தியானந்தன்.

“விடுங்கோப்பா. நல்லா வேர்க்கட்டும்.”

சஜீதா தன் பெயரட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தன் கிளாஸையும் அவர் முன்னால் நீட்டுகிறாள்.