பன்னிரண்டாவது வருஷம்

“பன்னெண்டாவது வருஷம் இந்த ஊர் காலியாகணும். ஒரு குடும்பம்கூட மிஞ்சக் கூடாது” என்றார் திட்டக்குழுத் தலைவர், கணினித் திரையை விரலால் குத்தி.

உணவுத் துறையிலிருந்து அன்று காலைதான் அங்கே மாற்றலாகி வந்திருந்த பெண்ணுக்குப் பகீரென்றது. தண்ணீர், மின்சாரம், விளைச்சல் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, முப்பது வருடத்தில் எந்த ஊர் என்ன ஆகும் என்று சொல்கிற கணக்கு மாடல் அது. ஊர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வருடமும் ஒன்று, இரண்டு என்றுதான் ஓடும்.

பதினேழாம் எண் ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். எப்படி ஓட்டினாலும் அந்த ஊர் முப்பது வருடமும் தாக்குப்பிடித்தது. தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று நாளாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“மழையைச் சரிபார்த்தியாய்யா?”

“ஒரு மில்லிமீட்டர் பிசகாம ஏத்திட்டேன் சார்” என்றார் மின்சாரத் துறைக்காரர், பழுப்பேறிய பதிவேட்டை மூடியபடி.

“அப்ப உன் கரண்ட்லதான் கோளாறு. பம்புக்கு எவ்வளவு?”

“ஆறு மணி நேரம்.”

“காகிதத்துல ஓடுற பம்பு! ரெண்டு போடு. அதுவும் விட்டு விட்டு.”

அவளால் பொறுக்க முடியவில்லை. “சார், ரெண்டு மணி நேரத்துல தண்ணி முதல் மடையைக்கூடத் தாண்டாது. பயிர் கருகிடும்.”

“கருகட்டும்.”

“அத்தனை குடும்பமும் எங்க சார் போகும்?”

“கல்லு உடைக்கப் போகும். மூட்டை தூக்கப் போகும். நீ பட்டனை அமுக்கும்மா.”

“மாட்டேன். இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம்.” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

தலைவரே அமுக்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு சரிந்தது. நூற்றுத் தொண்ணூறு, நாற்பது, ஒன்பது. பன்னிரண்டாவது வருடம், பூஜ்யம்.

“பொருந்திடுச்சு சார்!” மின்சாரத் துறைக்காரர் கைதட்டினார். தலைவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு ஊரே போச்சு. உங்களுக்குக் கும்மாளமா?”

“அட, இது வரப்போற முப்பது வருஷம் இல்லம்மா” என்றார் மின்சாரத் துறைக்காரர். “போன முப்பது! நடந்ததையே சரியாச் சொல்லாத மாடலை வச்சு, அடுத்து யாருக்குத் தண்ணி, யாருக்குக் கரண்ட்னு எப்படி முடிவு பண்றது?”

அவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். “ஆனா இதுலயும் ஆறு மணி நேரம்னுதானே இருக்கு? ரெண்டுன்னு சாருக்கு யாரு சொன்னது?”

தலைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்த ஊர்ல கடைசியாப் பூட்டினது எங்க வீடும்மா.”