டயர் கடை

"எட்டு மாசமாவா?"

"ஆமாங்ணா. ஆம்ப்ளிஃபயர் மாட்டுன நாள்ல இருந்தே இப்படித்தான்."

"இந்த இரைச்சலோட எட்டு மாசம் எப்படிங்க வண்டி ஓட்டுனீங்க? ஆக்சிலேட்டரை மிதிச்சா காதுக்குள்ள கொசுக் கூட்டமே பூந்த மாதிரி இருக்குது."

"பழகிப்போச்சுங்ணா," என்றான் கவின்.

ஈஸ்வர் சிரித்தபடி டிக்கிக்குள் தலையை நுழைத்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கார் ஆடியோ கடை போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இரைச்சலுக்குப் பழகிக்கொண்ட ஒருவனை இப்போதுதான் பார்க்கிறார். அவரிடம் வருகிறவர்கள் ஒரு வாரம்கூடப் பொறுத்ததில்லை.

"அப்ப இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அடுத்த வாரம் கல்யாணங்ணா. ஜெயப்பிரியா, நான் கட்டிக்கப் போற புள்ளை, இந்தச் சத்தத்தோட வண்டியில ஏற மாட்டேன்னுட்டா."

"பாத்தீங்களா. இப்பவே உங்க காதைக் காப்பாத்த ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் அவங்களே அதுக்கு வேலை வைப்பாங்க."

கவின் சிரிப்பதற்குள் டேஷ்போர்டின் திரை ஒளிர்ந்தது. 'டயர் கடை' என்று பெயர் வந்ததை, தலையை வெளியே எடுத்த ஈஸ்வரும் பார்த்தார். அவன் சட்டென்று கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தான்.

"பேசுங்க தம்பி, எனக்கொண்ணும் தொந்தரவில்லை."

"தெனமும் இந்த நேரத்துக்குக் கூப்புடுவாங்க. நான் வேலை முடிஞ்சு சேந்தமங்கலத்துல இருந்து வண்டியில வார நேரம். அப்புறம் பேசிக்கலாங்ணா."

"தெனமுமா? டயர் கடைக்காரருக்கு உங்க மேல அவ்வளவு பாசமா?"

ஈஸ்வர் போகிற போக்கில் பின்சக்கரத்தைப் பார்த்தார். டயரின் பட்டன்கள் கொஞ்சமும் தேயவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்குத் தாங்கும்.

கோளாறு கால் மணி நேரத்தில் அகப்பட்டுவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரை யாரோ பெயிண்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள்.

"நடுவுல பெயிண்ட் இருந்தா எர்த் எப்படிங்க பாடியில சேரும்? இஞ்சின் சத்தமெல்லாம் ஸ்பீக்கர்லதான் வந்து அழும்." உப்புத்தாளை எடுத்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். வயரை வைத்து நட்டை இறுக்கினார். முன்னால் வந்து கவினின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப மிதிங்க."

கவின் மிதித்தான். இஞ்சின் உறுமியது, ஸ்பீக்கர்கள் மூச்சுவிடவில்லை. வெகுநாள் பெய்த மழை நின்றதுபோல் காருக்குள் ஓர் அமைதி வந்தது. எதிர்ச்சாரியில் இளநீர் வெட்டும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"முழுசாப் போயிருச்சுங்களா?" என்றான் கவின். குரலில் சந்தோஷம் இல்லை. "திரும்ப வராதுங்களா?"

"என் கை பட்டா வராது."

மறுபடியும் திரையில் 'டயர் கடை'.

"நல்லதாப் போச்சு. போன்லயும் ஒரு தடவை பாத்துருவோம்." கவின் தடுப்பதற்குள் ஈஸ்வர் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டார்.

"சாமி, அக்கா பேசறேன்."

நான்கு ஸ்பீக்கர்களிலும் ஒரு பெண்ணின் குரல். பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு துல்லியம்.

"இன்னைக்காச்சும் நான் சொல்றது காதுல உழுகுதா? பத்திரிகைய யாரோ வாட்ஸப்புல போட்டிருந்தாங்க, பாத்தேன். இணைச்சீருக்கு சித்தப்பா மக சௌந்தர்யாவச் சொல்லியிருக்கீங்களாமா. செய்யட்டும் சாமி. அவளும் நம்ம புள்ளதான்."

மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடமும் மறுமுனை அவளிடமும் இருக்கும். சொந்த அக்கா இல்லாதவனுக்குத்தான் சித்தப்பா மகள் வந்து நிற்பாள் என்பது சேலத்துக்காரரான ஈஸ்வருக்கும் தெரியும்.

"நான் குமாரபாளையத்துல, தறிக்காரங்க ஊட்டுல வந்து வாக்கப்பட்டது அப்பாவுக்கு இன்னும் ஆறல. அது கெடக்குது. நீ தாலி கட்டறத மண்டபத்துல கடைசி வரிசையில உக்காந்து பாத்துட்டு, சாப்புடாமக்கூடப் போயிர்றேன். நிச்சயம் ஆன நாள்ல இருந்து கேட்டுட்டு இருக்கறேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லு சாமி, போதும்."

கவினின் காதுமடல்கள் சுட்டன. ஈஸ்வரின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்தான். பிறகு, தினமும் சொல்லிப் பழகிய அதே வார்த்தைகள், அதே உரத்த குரலில், வாயிலிருந்து தாமாக வந்தன.

"ஹலோ... அக்கா... வண்டியில ஒரே இரைச்சலா இருக்குதுக்கா. ஒண்ணுமே கேக்கல."

அந்தப் பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது.

"எனக்கு இன்னைக்குத்தான் துளி இரைச்சலில்லாமக் கேக்குது," என்றாள் அக்கா. அப்புறம் மெதுவாக, "சரி சாமி. பாத்து ஓட்டு."

திரை அணைந்தது. கார் நின்றுகொண்டுதான் இருந்தது. ஈஸ்வர் கையிலிருந்த உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கவின் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ணா, அந்த எர்த்த மறுபடியும் பெயிண்ட் மேலயே முறுக்கி உட்டர்றீங்களா?"