உள்ளங்கைக்கு நீலம்

எங்கள் சோதனைக் கூடத்தில் கார்களைச் சுவரில் மோதவிட்டு, உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்று பார்ப்போம். இருப்பவை பொம்மைகள்தான். எது எங்கே படுகிறது என்று தெரிவதற்காக முன்கூட்டியே அவற்றுக்குச் சாயம் பூசுவது என் வேலை. முகத்துக்கு மஞ்சள், முட்டிக்குச் சிவப்பு, உள்ளங்கைக்கு நீலம். ‘பொம்மைக்கு மேக்கப்மேன்’ என்பாள் என் மனைவி.

அன்று காரின் முன்பக்கம் மடங்க வேண்டிய அளவுக்கு மடங்கியது. பெல்ட் பிடித்தது, காற்றுப்பை விரிந்தது. ஆனால் ஓட்டுநர் பொம்மைக்குப் பக்கத்தில் இருந்த சிறுமிப் பொம்மையின் நெஞ்சில் ஐந்து விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன.

“நீங்கதான கை வச்சீங்க?” என்றார் பொறியாளர் மேடம்.

“சத்தியமா இல்ல மேடம்.”

மோதலைப் பதிவு செய்த படத்தை ஓட்டிப் பார்த்தோம். ஓட்டுநர் பொம்மையின் கைகள் கடைசிவரை ஸ்டீயரிங்கை விடவில்லை.

மறுநாள் அந்தக் கைகளை ஸ்டீயரிங்கோடு சேர்த்து டேப் சுற்றி மோதவிட்டோம். டேப் அப்படியே இருந்தது. சிறுமியின் நெஞ்சில் நீலக் கையும் இருந்தது.

மேடம் குனிந்து அந்த நீலக் கையைப் பார்த்தார். அவருக்கும் ஒரு மகள் உண்டு.

“பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலல்ல? டேப்பப் பிரிச்சு விடுங்க, பாவம்” என்றார்.

சாயங்காலம் மனைவிதான் கார் ஓட்டினாள். குறுக்கே ஒரு நாய் ஓட, சட்டென்று பிரேக் போட்டாள். ஒரு கை என் நெஞ்சின் குறுக்கே வந்து அழுத்திப் பிடித்தது.

“பெல்ட் போட்டிருக்கேன்ல, கைய எடு” என்று சிரித்தேன்.

“எந்தக் கைய?” என்றாள்.

அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. வீடு வந்து சேரும்வரை என் நெஞ்சில் அந்த இதமான சூடு இருந்தது.