செவலையின் பால்

இந்தக் காலத்து ஜனங்கள் மனுஷன் வாய்ச்சொல்லை நம்புவதில்லை, பெட்டி காட்டுவதைத்தான் நம்புகிறார்கள் என்று முனகியபடி துரைக்கண்ணு பால் சங்கத்துக்குள் நுழைந்தார். மனைவி ராஜாமணியும் கூட வந்தாள். அவருடைய செவலைப் பசு செத்து, ஊருக்கு வெளியே கொல்லைக்காட்டில் புதைத்தாயிற்று என்று அவர் சொன்னதை அவளும் ஊரும் நம்பியிருந்தார்கள். திண்டிவனம் சந்தையில் அதை அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சங்கத்துக் கம்ப்யூட்டர் பெட்டியிலோ செவலை இன்னும் தினமும் பால் கறந்துகொண்டிருந்தது. அதைக் கேட்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஜாவா ப்ரோக்ராம், கிளவுட்ல ஓடுதுங்க ஐயா. டேட்டாபேஸ்ல தேடி எடுக்கிற கொயரியிலதான் எங்கியோ தப்பு,” என்றாள் விழுப்புரத்திலிருந்து சரிபார்க்க வந்திருந்த பானுப்ரியா. “செத்த மாட்டை எடுக்காதேன்னுதான் எழுதியிருக்கேன். அப்பவும் வருது.”

“செத்தும் கறக்குதா மாமா? தீவனம் இன்னா போடுற?” என்றான் பால் வரிசையில் நின்ற பூவரசன். எல்லோரும் சிரித்தார்கள்.

பானுப்ரியா சோதனைக்காகச் செவலையின் பதிவில் ‘இறந்தது’ என்பதை ‘விற்றது’ என்று மாற்றினாள். செவலை மறைந்தது. மறுபடி ‘இறந்தது’ என்று போட்டாள். இன்று காலைப் பாலோடு திரும்பி வந்தது. இன்னொரு முறை மாற்றிப் பார்த்தாள். அப்படியேதான்.

சிரிப்பு நின்றது. ராஜாமணி திரையைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். துரைக்கண்ணுவுக்குக் காது மடல் வரை சுட்டது.

“எதைங்க ஐயா வைக்கட்டும்?”

“செத்துச்சுன்னே வை. உன் பெட்டிதான் பேஜாரு புடிச்சது,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

வரிசை ஒதுங்கி வழிவிட்டது. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் ஒதுங்கியே நின்றது, அவர் பின்னால் வரும் செவலையும் தாண்டிப் போகட்டும் என்று.