விலா எலும்பில் ஒரு டாங்கோ

“அந்த முள்ளா? வேண்டாம் தம்பி, அது உழுதுடும்.”

ஸினாய்தா லுவோவ்னா கையிலிருந்த அட்டை உறையை மார்போடு அணைத்துக்கொண்டார். வயது எழுபதுக்கு மேல்.

கெர்மனுக்குச் சிரிப்பு வந்தது. லெனின்கிராட் என்ற பெயர் மாறிய பிறகும் அப்படியே சொல்லிப் பழகிய ஊரில், ஒரு கீழ்த்தளக் கடையில், பழைய இசைத்தட்டுகளை கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவது அவன் தொழில். முள்ளைப் பற்றி அவனுக்கே பாடம் எடுக்கிற வாடிக்கையாளர் இவர்தான் முதல்.

“சும்மா காட்டினேம்மா. கிராமபோன் முள் உங்க தட்டுக்கு ஆகாது. முதல்ல தட்டைக் காட்டுங்க.”

உறையிலிருந்து வந்தது வட்டமாகக் கத்தரித்த எக்ஸ்ரே படம். நடுவில் சிகரெட்டால் சுட்ட ஓட்டை. தடை செய்த பாட்டுகளை சோவியத் காலத்தில் இப்படித்தான், ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட படங்களில் திருட்டுத்தனமாகப் பதிந்து விற்றார்கள்.

“எத்தனை தடவை போட்டிருக்கு?”

“தெரியாது. இனிமே ஒரே தடவைதான்.”

கெர்மன் பூதக்கண்ணாடியால் பார்த்தான். பாட்டு பதிந்த பள்ளம் மேலோட்டமாகத்தான் இருந்தது. அலமாரியிலிருந்த பிளேயரைத் தொட்டவன், அதன் ஊசி தாங்கும் கை கனம் என்று விட்டுவிட்டான். ஊசியின் எடையை கிராம் கணக்கில் குறைக்கக்கூடிய, அவனே கட்டிய சுழல்மேடைதான் சரி. ஊசிகள் நான்கை எடுத்து வைத்தான்.

“அகல ஊசி மேலயே வழுக்கும். ரொம்ப மெல்லிசு, அடியைக் கிளறும். இந்த மூணாவது போதும். மூணு கிராம் எடை.”

“ஒண்ணரை வெச்சா?”

“துள்ளும். துள்ளினாத்தான் கீறும்.”

அவர் யோசித்துவிட்டு, “சரி, மூணே வைங்க” என்றார்.

“படம் சுருண்டுக்குது. அடியில கெட்டித் தட்டு வெச்சு ஓரத்துல டேப் ஒட்டிடறேன்.”

“ஒட்டாதீங்க!”

கத்தலில் கெர்மன் கையை இழுத்துக்கொண்டான்.

“அட, கோவிக்காதீங்க. நடுவுல எடை வெச்சுக்கலாம். இவ்வளவு பத்திரமா பாக்கறீங்களே, இந்தப் பாட்டுக்கு யார்கூட ஆடினீங்க?”

“நானா? எனக்கு டாங்கோவே ஆடத் தெரியாது.”

ஊசி இறங்கியது. இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல் எழும்பி வந்தது. இவ்வளவு தெளிவாக வரும் என்று கெர்மனே நினைக்கவில்லை. அந்த அம்மா அழுவார் என்று திரும்பினான். அவர் பாட்டைக் கேட்கவே இல்லை. கண் ஊசியை விட்டு அசையவில்லை.

ஊசி எழுந்ததும் முதல் கேள்வி: “கீறல் விழுந்துச்சா?”

“ஒண்ணுமில்ல. பாட்டு எப்படி?”

“அது எதிர்வீட்டு போரிஸுக்கு.” அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். “அறுபது வருஷமா சுவத்துல மாட்டி வெச்சிருந்தார். பாட்டைப் பதிஞ்சு குடுத்துட்டா படத்தை நீயே எடுத்துக்கன்னார்.”

“பாட்டு இல்லாம படம் எதுக்கும்மா?”

அவர் படத்தை இரு கையாலும் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக விலா எலும்புகள். ஓரத்தில் ஆஸ்பத்திரி மையில் நோயாளியின் பெயர், 1952 என்ற வருஷம்.

“நான் வயித்துல இருக்கறப்போ இவரைக் கைது பண்ணாங்க. வீட்ல இருந்த போட்டோ ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போயிட்டாங்க. எங்க அப்பாவை இன்னைக்குத்தான் தம்பி முதல் தடவையா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”