இரவல் மகன்

தீப்பெட்டி ஆலையை மூடியபின் ஒரு வருடம் சும்மா இருந்த மாரிச்செல்வத்துக்கு, சாத்தூரில் வேலையற்றோருக்கென்று இருந்த அறக்கட்டளைதான் அந்த வேலையைக் கொடுத்தது. நேரமில்லாத பிள்ளைகளுக்குப் பதிலாக அவர்களைப் பெற்றவர்களிடம் தினமும் போனில் பேச வேண்டும். இவன் இங்கே பேசினால், அந்தப் பிள்ளையின் குரலில்தான் அங்கே கேட்கும்.

அவன் அம்மா குருவம்மாளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. திருச்சியிலிருக்கும் ஒரு அம்மாக்காரி அவன் பங்குக்கு வந்து சேரும்வரை.

"மூட்டு வலி எப்படிம்மா இருக்கு? நான் சொன்ன கொள்ளு ரசம் வச்சுக் குடிச்சியா?"

மகன் குழைவது அடுப்படி வரை கேட்டது. அந்த ரசம் குருவம்மாளின் கைப்பக்குவம். மூட்டு வலி அவளுக்கும்தான் இருந்தது.

சோறு போடும்போது, "என்னலே, வாயே தொறக்க மாட்டேங்க?" என்று கேட்டாள்.

"நாள் பூரா பேசித் தொண்டை வத்திப் போச்சும்மா."

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு அதே அறக்கட்டளைக்குப் போய், பெற்றவர்கள் பட்டியலில் தன் பெயரையும் பதிந்துவிட்டு வந்தாள். மகனின் குரல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

மறுநாள் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்டியாம்மா? மூட்டு வலி தேவலையா?"

மாரிச்செல்வத்தின் குரலேதான். எடுத்த கவளம் அவன் கையிலேயே நின்றது.

"யாரும்மா அது?" என்றான். முகம் சுண்டிப் போயிருந்தது.

"சும்மா இருலே," என்றாள் குருவம்மாள். "எம்மவன் பேசிக்கிட்டு இருக்கான்."